ஒரு வேலையை வேண்டாம் என்ற கதை

(லண்டனில் நடந்த எமது மாலைச் சந்திப்பில் தோழி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரிதாக மாற்றாமல் தருகிறோம். அவர் கேட்டுக்கொண்டபடி அவருடைய பெயரும் கதையில் வருகிற நிறுவனத்தின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன.)



எனக்கு இப்படி எழும்பி நின்று கதைத்துப் பழக்கமில்லை. பிழை விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கோ. என்னை அழைத்த தோழர், "நீங்கள் அந்த வேலையை விட்ட கதையைச் சொன்னால் காணும்" என்றார். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். நான் அந்த வேலையை விடவில்லை. அதில் சேரவே இல்லை. கையில் தந்த வேலையை வேண்டாம் என்றேன். அதுவும் பிடிக்காத வேலையை இல்லை. இந்த நாட்டுக்கு வந்த 15 வருடத்தில் நான் ஆசைப்பட்டுத் தேடிய ஒரேயொரு வேலை அது.

இது வீரக்கதை இல்லை. நான் வேண்டாம் என்றதால் அந்த முதலாளி திருந்தவும் இல்லை, அந்த வேலை திருந்தவும் இல்லை. அடுத்த கிழமையே வேறு ஒருத்தி அந்த வேலைக்குப் போய்விட்டாள். அவளைப் பற்றியும் சொல்லத்தான் வந்தேன்.

நான் 2008இல் வந்தேன். கேஸ் முடியும்வரை வேலை செய்ய அனுமதி இல்லை. அனுமதி இல்லையென்றால் வேலை இல்லை என்று அர்த்தமில்லை, இங்கே பலருக்கு அது தெரியும். ஊர்க்கார அண்ணை ஒருவரின் கடையில் பின்பக்கம் நின்று பெட்டி உடைத்தேன், தட்டு நிரப்பினேன். மணித்தியாலத்துக்கு 3 பவுண், கையில் காசு. அவர் கெட்ட மனிசர் இல்லை. மத்தியானம் சாப்பாடு தருவார், பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் விசாரிப்பார். ஆனால் இரண்டரை வருடத்தில் அந்த 3 பவுண் ஒருநாளும் 4 ஆகவில்லை. விசா கிடைத்த பிறகு சுப்பர்மார்க்கெட்டில் இரவு வேலை. அதற்குப் பிறகு பிள்ளை படித்த பள்ளிக்கூடத்துச் சமையலறை. எதையும் நான் குறைவாகச் சொல்லவில்லை. அந்த வேலைகள்தான் வீட்டு வாடகை கட்டின. ஆனால் வேலைக்குப் போகிற வழியில் "இண்டைக்கு என்ன நடக்கப்போகுதோ" என்று ஆவலோடு போன ஒரு நாள் எனக்கு இருக்கவில்லை.

பிறகு மாமிக்கு டிமென்ஷியா வந்தது. மாமி கொழும்பில் கந்தோர் உத்தியோகம் பார்த்தவ. என்னைவிட நல்ல இங்கிலீஷ். நோய் கூடக்கூட முதலில் போனது அந்த இங்கிலீஷ்தான். கவுன்சில் அனுப்பிய கெயார் பிள்ளை கானா நாட்டுக்காரி, தங்கமான மனிசி. மாமி "தண்ணி" என்பா, அவ போர்வையைக் கொண்டுவந்து போர்த்துவா. மாமி கோபத்தில் கத்துவா, அவ பயந்துபோவா. இரண்டு பேரிலும் பிழை இல்லை. நடுவில் ஒரு சொல் இல்லை, அவ்வளவுதான். அந்த நான்கு வருடத்தில் மாமியை நான்தான் பார்த்தேன். கஷ்டம்தான். ஆனாலும் ஒரு முதுமையான மனுசிக்குக் குளிப்பாட்டி, சீலை மாற்றி, தலை இழுத்துவிட்டு, அவ பழைய கதை சொல்ல "ஓம் மாமி, பிறகு?" என்று கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு வரும் என்று கண்டுபிடித்தேன். எனக்கு ஒரு கைவேலை தெரியும் என்று முதல்முதலாகத் தோன்றியது அப்போதுதான்.

மாமி 2022இல் போய்விட்டா. நான் பின்னேர வகுப்புக்குப் போய் இரண்டாம் நிலைப் பராமரிப்புச் சான்றிதழ் எடுத்தேன். தமிழ் மட்டும் மிஞ்சியிருக்கிற எங்கட வயது போன சனத்தைப் பார்க்க வேண்டும், அதுதான் என்னுடைய வேலை என்று முடிவு செய்தேன். 2023 செப்டம்பரில் ஒரு கெயார் ஏஜென்சி கூப்பிட்டது. நடத்துகிறவர் தமிழர். தமிழ் தெரிந்த ஆள்தான் அவருக்கும் தேவை. எனக்குக் கோவிலில் மணி அடித்த மாதிரி இருந்தது.

முதலில் இரண்டு நாள் "சும்மா கூடப் போய்ப் பாருங்கோ தங்கச்சி" என்றார். சம்பளம் இல்லை. போனேன். அந்த இரண்டு நாளில்தான் அந்த அம்மாவைச் சந்தித்தேன். அவ ஊரில் ரீச்சராக இருந்தவ, தனியாக ஒரு ஃபிளாட்டில் இருக்கிறா. மேசையில் கெயார் ஆட்கள் எழுதிவைக்கிற புத்தகம். அதில் பக்கம் பக்கமாக ஒரே வசனம்: உணவை மறுத்துவிட்டார். உணவை மறுத்துவிட்டார். நான் பார்த்தேன், குளிர்ந்த சான்ட்விச்சைக் கையில் கொடுக்க அவ தள்ளிவிட்டு "சுடச்சுட, சுடச்சுட" என்றா. கூடப் போன பிள்ளைக்கு விளங்கவில்லை. நான் குசினிக்குள் போய்ப் பாணைச் சூடாக்கி, இருந்த பருப்பையும் சூடாக்கிக் கொடுத்தேன். முழுக்கச் சாப்பிட்டா. பிறகு என்னை ஏதோ பழைய மாணவி என்று நினைத்து "ஏழாம் வாய்ப்பாடு சொல்லு" என்றா. நான் ஏழெட்டு ஐம்பத்தாறில் தடுக்கிவிட்டேன். "இன்னும் பாடமாக்கேல்லையோ" என்று ஏசினா. அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சனம் சொல்லுகிற மனநிறைவு இதுதான் போல என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஒப்பந்தம் தந்தார்.

மணித்தியாலத்துக்கு 11 பவுண் 50. அந்த நேரம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 10 பவுண் 42. ஆகவே மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல காசு. என் மனுசனும் "பரவாயில்லையே" என்றார். பிறகு நான் ரோட்டாவை எடுத்துக் கலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடச் சமையலறையில் கணக்குப் பார்த்துப் பழகிய கை.

ஒரு நாளைக்கு எட்டு வீடு. காலையில் ஐந்து, பின்னேரம் மூன்று. ஒவ்வொரு வீட்டிலும் அரை மணித்தியாலம். அப்படியென்றால் நாலு மணித்தியாலம், 46 பவுண். ஆனால் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிற நேரம்? அதற்குச் சம்பளம் இல்லை. லண்டன் ரோட்டில் ஒரு ஓட்டத்துக்கு 25 நிமிடம் என்று வையுங்கள். காலையில் நாலு ஓட்டம், பின்னேரம் இரண்டு. மொத்தம் இரண்டரை மணித்தியாலம். ஆறரை மணித்தியால வேலைக்கு 46 பவுண். வகுத்துப் பாருங்கள்: மணித்தியாலத்துக்கு 7 பவுண் 8 பென்ஸ். கார் என்னுடையது, பெற்றோல் என்னுடையது. அதையும் கழித்தால் 6 பவுண் சொச்சம். காலை 7 மணிக்கு வெளிக்கிட்டு இரவு 9 மணிக்கு வீட்டுக்கு வருகிற நாள் அது.

இரண்டாவது, நான் "சுயதொழில் செய்பவர்" என்று எழுதியிருந்தது. எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், என்ன சட்டை போட வேண்டும், எந்த அப்பில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்வார். ஆனால் நான் சுயதொழில். அதனால் விடுமுறைச் சம்பளம் இல்லை, சுகவீனச் சம்பளம் இல்லை, ஓய்வூதியக் கட்டணம் இல்லை. மூன்றாவது, ஆறு மாதத்துக்குள் விலகினால் "பயிற்சிச் செலவு" 450 பவுண் நான் கட்ட வேண்டும். சம்பளமில்லாமல் நான் போன அந்த இரண்டு நாளும் அந்தப் பயிற்சிக்குள் அடக்கம்!

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அப்போது தெரியாது. வேலை நேரத்தில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிற நேரம் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் சேரும். வீட்டிலிருந்து முதல் இடத்துக்குப் போவதும் கடைசி இடத்திலிருந்து வீடு திரும்புவதும்தான் சேராது. 2020இல் வட லண்டன் ஹாரிங்கேயில் வேலை செய்த கெயார் பெண்கள், பெரும்பாலும் கறுப்பின, புலம்பெயர்ந்த பெண்கள், யுனிசன் யூனியனின் உதவியோடு இதே விடயத்துக்கு வழக்குப் போட்டு வென்றார்கள். "சுயதொழில்" என்று காகிதத்தில் எழுதிவிட்டால் அது சுயதொழில் ஆகிவிடாது என்று 2021 பெப்ரவரி 19இல் உச்ச நீதிமன்றம் ஊபர் சாரதிமாரின் வழக்கில் சொன்னது. உண்மையில் வேலை எப்படி நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. அதாவது, நான் பேரம் பேசப் போனது சலுகைக்கு இல்லை. சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதைக் கேட்கத்தான் போனேன்.

யூனியனில் இருக்கிற ஒரு சிநேகிதி ஒப்பந்தத்தை வாசித்தா. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மூன்று விடயம் எழுதினோம்: பயண நேரத்துக்குச் சம்பளம், என்னை ஊழியராகப் பதிவது, 450 பவுண் வரியை வெட்டுவது. அவர் என்னைக் கூப்பிட்டுக் கதைத்தார். குரல் உயர்த்தவில்லை. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"தங்கச்சி, நீங்கள் காசுக்காகவோ வாறீங்கள்? உங்களைப் பார்த்தா அப்பிடித் தெரியேல்லை. இது சேவை. அந்த ரீச்சர் அம்மா நீங்கள் போன பிறகு ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை."

தோழர்களே, அந்த வசனம் இரண்டு கிழமை என்னை நித்திரை கொள்ள விடவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவ உண்மையாகவே சாப்பிட்டிருக்க மாட்டா. அந்த அம்மாவில் எனக்கு வந்த அன்பைத்தான் அவர் மேசையில் எடுத்து வைத்து, அதன் பெறுமதியை என் சம்பளத்தில் கழித்தார். பிடிக்காத வேலை என்றால் இந்தப் பேச்சு எடுபடாது. பெட்டி உடைக்கிறவளிடம் "இது சேவை" என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். மனதுக்குப் பிடித்த வேலையைத் தேடிப் போகிறவரிடம்தான் இதைச் சொல்லலாம். தாதிமாருக்கு, பாலர் பள்ளி ஆசிரியைமாருக்கு, பத்திரிகையில் எழுதுகிற பிள்ளைகளுக்கு, எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் சனிக்கிழமை படிப்பிக்கிறவைக்கு. இதில் எத்தனை பேர் பெண்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அவர் இன்னொன்றும் சொன்னார். அதையும் மறைக்கக் கூடாது. "கவுன்சில் எனக்குத் தாறதே நிமிசக் கணக்கிலதான். பயண நேரத்துக்கு அவன் தாறேல்லை, நான் எங்கயிருந்து தாறது?" இதில் உண்மை இருக்கிறது. 2010க்குப் பிறகு வந்த சிக்கன நடவடிக்கைகளில் உள்ளூராட்சி சபைகளின் பணம் வெட்டப்பட்டது. சபைகள் பராமரிப்பை ஏஜென்சிகளிடம் மலிவாக வாங்குகின்றன, ஏஜென்சி எங்களிடம் இன்னும் மலிவாக வாங்குகிறது. மேலே வெட்டிய வெட்டு கீழே அந்த அம்மாவின் தட்டில் வந்து நிற்கிறது. ஆனாலும் அவருக்கு இரண்டு வழி இருந்தது: எங்களையும் கூட்டிக்கொண்டு கவுன்சிலிடம் போய்க் கேட்பது, அல்லது எங்களிடம் எடுப்பது. அவர் இரண்டாவதை எடுத்தார்.

பிறகு ரெலிபோன்கள் வரத் தொடங்கின. ஊர்ச் சங்கத்து மாமா ஒருவர் எடுத்தார். "எங்கட ஆளிட்டையே சட்டம் கதைக்கிறியோ பிள்ளை? வெள்ளைக்காரனிட்டக் கேப்பியோ?" ஓம் மாமா, கேட்பேன் என்றேன். பிறகு யோசித்தேன். சுப்பர்மார்க்கெட்டில் நான் அதைக் கேட்கத் தேவையே வரவில்லை, சம்பளச் சீட்டில் எல்லாம் இருந்தது. எங்கட ஆளிடம்தான் கேட்க வேண்டி வந்தது. "எங்கட ஆள்" என்ற சொல் இந்த நாட்டில் எங்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. ரயிலடியில் இறங்கியவனுக்குப் படுக்க இடம் தந்த சொல் அது. அதே சொல்தான் எங்களை மணித்தியாலம் 3 பவுணுக்கு வைத்திருந்ததும்.

நான் எழுதிய பதில் மூன்று வரி. இந்த நிபந்தனையில் வர முடியாது, மாற்றினால் நாளைக்கே வருகிறேன், அந்த அம்மாவுக்குச் சூடான சாப்பாடு கொடுக்கச் சொல்லி எழுதிவையுங்கோ. அனுப்பிவிட்டுக் குசினியில் இருந்து அழுதேன். சரியானதைச் செய்தால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் லேசாகவில்லை.

இரண்டு மாதம் கழித்து பஸ் தரிப்பில் ஒரு பிள்ளை என்னிடம் வந்தாள். அந்த ஏஜென்சியின் ஊதாச் சட்டை. "அக்கா, நீங்கள்தானே அந்த ரவுண்டை வேண்டாம் எண்டது?" என்றாள். அவளுக்கு 28 வயது இருக்கும். வவுனியாப் பக்கம். 2022 பெப்ரவரியில் கெயார் வேலைக்கு விசா திறந்தார்களே, அந்த வழியாக வந்தவள். ஏஜெண்டுக்குக் கட்ட அம்மாவின் தாலிக்கொடியும் காணித்துண்டும் ஈட்டில். அவளுடைய காகிதத்தில் கிழமைக்கு 39 மணித்தியாலம் என்று இருக்கிறது, ரோட்டாவில் வருவது 22, 25. கேட்கப் பயம். ஸ்பொன்சர் போனால் வேறு ஸ்பொன்சர் தேட வழமையாகத் தருவது 60 நாள்தான்.

அவள் கோபமாகக் கேட்கவில்லை. ஆவலாகத்தான் கேட்டாள். "எப்பிடி அக்கா வேண்டாம் எண்டு சொன்னனீங்கள்?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. துணிவு என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அது துணிவு இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன், என் "வேண்டாம்" எதில் நின்றது என்று. ஒன்று, என் மனுசன் பஸ் சாரதி. 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் லண்டனில் பஸ் சாரதிமார் குளிருக்குள் நின்று வேலைநிறுத்தம் செய்து சம்பளம் கூட்டினார்கள். என் வீட்டு வாடகை அந்த மறியலில் நின்றது. இரண்டு, பள்ளிக்கூடச் சமையலறை வேலையை நான் இன்னும் விடவில்லை. மூன்று, என்னிடம் நிரந்தர விசா இருந்தது. நான்கு, ஒப்பந்தத்தை வாசித்து விளங்கப்படுத்த ஒரு சிநேகிதி இருந்தா. இந்த நாலில் ஒன்றும் அந்தப் பிள்ளையிடம் இல்லை. யூனிவர்சல் கிரெடிட்டில் இருக்கிற ஒருவரை எடுங்கள். "நல்ல காரணம்" இல்லாமல் வேலையை மறுத்தார் என்று அதிகாரி முடிவு செய்தால் முதல் தடவையே 91 நாளைக்கு அடிப்படைத் தொகையை வெட்டலாம். அவருக்கு வேண்டாம் என்ற சொல்லின் விலை மூன்று மாதப் பட்டினி.

ஆகவே நான் இன்றைக்குச் சொல்ல வந்த ஒரு விடயம் இதுதான். மறுக்கிற வலு ஒரு ஆளின் குணம் இல்லை. அது ஆட்கள் சேர்ந்து கட்டுகிற ஒரு பொருள், கிணறு மாதிரி. கிணறு உள்ளவள் தண்ணி அள்ளிவிட்டு, இல்லாதவளைப் பார்த்து "உனக்குத் தாகம் அடக்கத் தெரியேல்லை" என்று சொல்லக் கூடாது. "மனசுக்குப் பிடிச்ச வேலையைத் தேடு, மரியாதை இல்லாத இடத்துக்குப் போகாதே" என்று இளம் பிள்ளைகளுக்கு நாங்கள் புத்தி சொல்கிறோம். நல்ல புத்திதான். அதைச் சொல்கிறவர்கள் அவர்களுக்குப் பின்னால் என்ன கட்டி வைத்திருக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும்.

இது எங்களுக்குப் புதுக்கதையும் இல்லை. நான் யாழ்ப்பாணத்தில் படித்தவள். மலையகத்துச் சரித்திரத்தை எனக்குப் பள்ளியில் ஒருவரும் ஒழுங்காகப் படிப்பிக்கவில்லை. இங்கே வாசிப்பு வட்டத்தில்தான் படித்தேன். தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோன கங்காணி வெள்ளைக்காரன் இல்லை. அவனும் தமிழன், பல நேரம் ஒரே ஊர், உறவு. வந்து இறங்கும்போதே கடன். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதென்றால் அந்தக் கடனை எழுதிய "துண்டு" வேண்டும். புதுத் தோட்டம் கடனைக் கட்டினால்தான் ஆளை விடுவார்கள். அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டத்தால் ஒழித்தார்கள். என் ஒப்பந்தத்தில் இருந்த 450 பவுண் வரியை, அந்தப் பிள்ளையின் ஏஜெண்ட் கடனைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன். அந்தச் சனம் பட்ட பாடு வேறு. ஆனால் கடனைக் காட்டி ஆளைக் கட்டி வைக்கிற புத்தி ஒன்றுதான், அதை எங்கட ஆளைக் கொண்டே செய்விப்பதும் ஒன்றுதான்.

இந்த லண்டனிலேயே இன்னொரு கதையும் இருக்கிறது. 1976 ஆகஸ்டில் வில்ஸ்டன் பக்கம் கிரன்விக் என்ற படம் கழுவுகிற தொழிற்சாலையிலிருந்து ஜெயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண் வெளியே நடந்தா. கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து வந்தவ, எங்களைப் போல ஒரு குடிவரவாளி. குறைந்த சம்பளம், திடீரென்று சொல்லுகிற கட்டாய மேலதிக நேரம். அவவுக்குப் பின்னால் சீலை கட்டிய பெண்கள் இரண்டு குளிர்காலம் மறியலில் நின்றார்கள். ஆயிரக்கணக்கான வெள்ளைத் தொழிலாளர்களும் வந்து பக்கத்தில் நின்றார்கள். 1978 ஜூலையில் அந்தப் போராட்டம் தோல்வியில்தான் முடிந்தது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அந்தத் தோல்வியைத்தான் இந்த நாட்டுத் தொழிற்சங்கங்கள் இன்றைக்கும் நினைவுகூர்கின்றன. குடியேறிய பெண்களைச் சங்கத்துக்குள் சேர்க்க முடியாது என்று இருந்த கதையை அது உடைத்தது. ஜெயாபென்னும் தனியாக நடந்திருந்தால் அது வேலையை விட்ட ஒரு பெண்ணின் கதையாகத்தான் முடிந்திருக்கும்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளையும் இன்னும் மூன்று பெண்களும் ஆளுக்கொரு கொப்பி வாங்கினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது, அடுத்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனது, அவ்வளவுதான் எழுதுவது. பத்துக் கிழமை எழுதினார்கள். விசாவில் இருக்கிறவர்கள் முறைப்பாடு செய்வதற்கு முன் குடிவரவு தெரிந்த சட்ட ஆலோசகரைப் பார்க்க வேண்டும், அதையும் செய்தோம். விசா சிக்கல் இல்லாத இருவரின் பெயரில் யூனியன் கடிதம் போட்டது. இப்போது அந்த ஏஜென்சி ஒரு ஓட்டத்துக்கு 15 நிமிடம் என்று கணக்கு வைத்துப் பயணச் சம்பளம் கொடுக்கிறது. உண்மை நேரம் அதைவிடக் கூட, அதனால் இன்னும் இழுபறிதான். பயிற்சிச் செலவு வரி ஒப்பந்தத்திலிருந்து போய்விட்டது. சுயதொழில் விடயம் முடியவில்லை. நான் தனியாக வேண்டாம் என்றபோது அசையாதது, நாலு கொப்பிக்குக் கொஞ்சம் அசைந்தது.

இதற்கிடையில் அரசாங்கம் என்ன செய்தது? 2024 மார்ச்சில், புதிதாக வருகிற கெயார் தொழிலாளிகள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்றது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதையே மூடியது. ஆள் வேண்டும், ஆனால் ஆளுக்குக் குடும்பம் இருக்கக் கூடாது. அதைப் பற்றி இன்னொரு நாள் கதைக்கலாம்.

என் விடயம்: எட்டு மாதம் தேடினேன். நேர்முகத்தில் இரண்டு இடத்தில் வேண்டாம் என்றார்கள், ஒரு இடத்தில் நான் வேண்டாம் என்றேன். இப்போது கவுன்சில் நேரடியாக நடத்துகிற முதியோர் பகல் நிலையம் ஒன்றில் கிழமைக்கு 22 மணித்தியாலம். சம்பளம் பெரிது இல்லை, ஆனால் சம்பளச் சீட்டு இருக்கிறது, சுகமில்லை என்றால் படுக்கலாம். மிச்ச நேரம் இன்னும் பள்ளிக்கூடச் சமையலறைதான். வியாழக்கிழமையில் தமிழ்ச் சனம் ஆறேழு பேர் வருகிறார்கள். சுடச்சுடச் சாப்பாடு.

அந்த ரீச்சர் அம்மாவை நான் பிறகு பார்க்கவில்லை. வேறு ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று அந்தப் பிள்ளை சொன்னாள். போவதற்கு முன் அவளிடமும் வாய்ப்பாடு கேட்டாவாம். நான் மறுத்ததற்கு அந்த அம்மாவும் ஒரு விலை கொடுத்தா. அதை நான் கணக்கில் எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

கடைசியாக, கையில் கொண்டுபோக நாலு விடயம். ஒன்று, சொன்ன சம்பளத்தைப் பார்க்காதீர்கள், வீட்டை விட்டு எவ்வளவு நேரம் வேலைக்காக நிற்கிறீர்கள் என்று வகுத்துப் பாருங்கள். இரண்டு, கேட்பதை எழுத்தில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும். மூன்று, ஏகாஸ் என்ற அரச அமைப்பின் ரெலிபோன் ஆலோசனை இலவசம். குறைந்தபட்சச் சம்பளம் தராதவர்கள் மீது பெயர் சொல்லாமலும் முறைப்பாடு செய்யலாம். தொழில் நியாயசபைக்குப் போக 2013இல் கொண்டுவந்த கட்டணத்தை யுனிசன் போட்ட வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது, ஆனால் கால எல்லை குறுகியது, தள்ளிப்போடாதீர்கள். நான்கு, பிரச்சினை வந்த பிறகு யூனியனைத் தேடாதீர்கள், வருமுன் சேருங்கள்.

எங்கட கவுன்சிலிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. யுனிசன் 2012இல் ஒரு நெறிமுறைப் பராமரிப்புச் சாசனம் எழுதியது. பயண நேரத்துக்குச் சம்பளம், 15 நிமிட வருகைகள் வழமையாக இருக்கக் கூடாது, பூச்சிய மணித்தியால ஒப்பந்தம் திணிக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. இஸ்லிங்டன், சதர்க் போன்ற சபைகள் கையெழுத்துப் போட்டன. உங்கட சபை போட்டிருக்கிறதா? உங்கட கவுன்சிலருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். அவரும் எங்கட ஆள் என்றால் கட்டாயம் கேளுங்கள்.

அதோடு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்த மண்டபத்திலேயே, ஒரு மேசை போடுவோம். ஒப்பந்தம் கொண்டுவாற ஆட்களுக்குத் தமிழில் வாசித்துச் சொல்வோம், கணக்குப் போட்டுக் காட்டுவோம். சட்டம் தெரிந்த இரண்டு பேர், யூனியன் ஆள் ஒருவர், தேத்தண்ணி போட ஒருவர் போதும். தேத்தண்ணி போடுகிறவர் ஒவ்வொரு மாதமும் ஒரு பெண்ணாக இருக்கக் கூடாது, அதையும் இப்பவே சொல்லிவைக்கிறேன். கணக்குப் போட நான் வருகிறேன். கொப்பி நானே கொண்டுவருவேன்.

அந்தப் பிள்ளை இன்றைக்கு வாறன் எண்டவள். பின்னேர ஷிஃப்ட் போட்டுட்டாங்களாம். அடுத்த முறை அவளைக் கதைக்க விடுங்கோ.